காற்றைப் பற்றி எழுதிய கடிதங்கள்

எஞ்சினியர் என்ற பட்டத்தை எனக்கு எந்தக் காலேஜும் கொடுக்கவில்லை. மதுரையில் ஒரு அச்சுக்கூடம் கொடுத்தது. 1889ஆம் வருடம் கேப்டன் பிரிஸ்கோ என்ற வெள்ளைக்காரர் அங்கே புகைக்கூண்டில், அதாவது அனல் அடைத்த பலூனில், ஆகாயம் ஏறிக் காட்ட வந்திருந்தார். சுவரெல்லாம் ஒட்டிய அந்த நோட்டீஸின் கடைசி வரியில் 'எஞ்சினியர்: மிஸ்டர் மிக்கேல்' என்று போட்டிருந்தது. அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியதால் போட்டேன் என்று அச்சுக் கோத்தவரே என்னிடம் சொன்னார். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பத்து நோட்டீஸ் கேட்டு வாங்கி ஊருக்கு அனுப்பினேன்.

அதற்கு முன் நான் ஓவர்சியர் பரீட்சையை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டைவிட்டவன். வைகைக் கரையில் ஒரு செங்கல் சூளையில் தீ பார்த்துக்கொண்டிருந்தேன். கேப்டனுக்கு வேண்டியிருந்தது அதுதான். அவருடைய கூண்டுக்கு யந்திரம் எதுவும் கிடையாது. தரையில் ஒரு குழி, குழிக்குள் தீ, அங்கிருந்து பதினைந்தடி நீளத்துக்கு, மேலே மூடிய ஒரு வாய்க்கால், அது முடிகிற இடத்தில் அடி உடைத்த பானைகளை அடுக்கி ஒரு புகைபோக்கி. அதன் வழியாக அனல் ஏறி, தென்னை உயரத் துணிப்பையை நிமிர்த்தும். ஜுவாலை ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் துணி போயிற்று, கேப்டனும் போனார். ஜுவாலையில்லாமல் அனலை மட்டும் வரவழைக்கத் தெரிந்த ஆளைத் தேடியிருக்கிறார். நான் அகப்பட்டேன்.

ஐந்து வருடம் அவரோடு சுற்றினேன். திருச்சி, பெங்களூர், கொழும்பு, ரங்கூன். போன இடமெல்லாம் குழி வெட்டினேன். பொறி பட்டுத் தீப்பிடிக்காமல் இருக்கத் துணியைப் படிகார நீரில் முக்கிக் காயவைத்தேன், கிழிந்ததைத் தைத்தேன், கண் எரிய எரியப் புகை தின்றேன். கூண்டு நிமிர்ந்து நின்றதும் கேப்டன் சிவப்புக் கால்சட்டையோடு வருவார், கூடையில் ஏறுவார், கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டுவார், போய்விடுவார். நான் மாட்டுவண்டியில் பின்னாலேயே போய், அவர் இறங்கிய வயலில் துணியைச் சுருட்டிக் கொண்டுவருவேன். ஆகாயத்தால் எனக்கு வந்தது கழுத்து வலி ஒன்றுதான்.

திருச்சியில் ஒரு தடவை, "மிக்கேல், இன்றைக்கு நீயும் வா" என்று கூப்பிட்டார். கூடையின் விளிம்பில் ஒரு காலைத் தூக்கி வைத்தேன். மற்றக் கால் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. வயிற்றைக் கடுக்கிறது என்று சொல்லிவிட்டு ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். கூண்டு கண்ணுக்கு மறைந்த பிறகுதான் எழுந்து வந்தேன். பெங்களூரில் கூப்பிட்டபோதும் வயிறு கடுத்தது. கொழும்பில் அவர் கூப்பிடவில்லை. இறக்கை வைத்த அதிதூதரின் பெயரை எனக்கு வைத்த சாமியார், ஞானஸ்நானத் தொட்டியில் என் கால்களையும் ஒரு தரம் பார்த்திருக்கலாம்.

ஊரில் எனக்கு மனைவி இருந்தாள். மதலேனாள் என்று பெயர். எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்குக் கிழக்கே இரண்டு மைல், மேகமலையின் காலடி. முழுக்க வேதக்காரக் குடியானவர்கள். அவளுடைய அண்ணன் ஆரோக்கியசெல்வத்துக்கு ஆற்றுப்பாசன நிலம் இருந்தது, ஏர்மாடுகள் இருந்தன, என்னைப் பற்றி ஒரு தீர்மானமான அபிப்பிராயமும் இருந்தது. பரீட்சையில் தோற்றவனுக்குப் பெண் கிடையாது என்றார். கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று இவள் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் கேப்டனோடு கிளம்பிய வாரமே, "ஒம் புருசன் கூத்தாடி கூட ஓடிப் போயிட்டானே ஆத்தா" என்று கோயில் வாசலில் நாலு பேர் கேட்க அண்ணன் சொன்னாராம். அவள் எனக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். எழுத்து தெரியாதவள். உபதேசியார் ஏசுதாசன்தான் எழுதினார்: 'நீங்கள் பறக்கிறீர்களா இல்லையா என்று மட்டும் எழுதவும்.'

இல்லை என்று எழுதியிருக்கலாம். ஒரு சொல். தபால் செலவு கூட ஒன்றுதான்.

நான் எழுதியது இது: 'சர்வேசுரன் கிருபையால் நேற்று மாலை ஆகாயம் ஏறினேன். மேலே போகப் போகக் காற்று காதைப் பிய்த்துக்கொண்டு போகிறது. தலைப்பாகையைச் சணல் போட்டுத் தாடையோடு கட்டிக்கொண்டேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. பூமியின் சத்தம் ஒன்றும் அங்கே எட்டாது. பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கூடக் கேட்காது.'

கடிதம் மனைவிக்கு என்றாலும் அதைப் படித்தவர் உபதேசியார். படித்த இடம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கோயில் முற்றம். ஊரே கேட்டது. மதலேனாள் அதை மனப்பாடம் பண்ணிவிட்டாள். அண்ணன் வாயைத் திறக்கும்போதெல்லாம் மந்திரம் சொல்கிற மாதிரி அதைச் சொன்னாளாம். அதன் பிறகு அண்ணன் கூத்தாடி என்ற சொல்லை எடுக்கவில்லை என்று உபதேசியார் தன் கையாகவே ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தார். எனக்கு நன்றாக விளங்கிவிட்டது. பிறந்த வீட்டில் அவள் தலை நிமிர்ந்து நடக்கிறாள் என்றால் என் பொய்யின் மேல் நின்றுதான் நடக்கிறாள். விளங்கியும் நான் செய்தது என்ன? அடுத்தடுத்த கடிதங்களில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். ரங்கூனில் என் தலைப்பாகையே பறந்துபோயிற்று.

ரங்கூனில்தான் கேப்டன் ஒரு மரக்கடை விதவையைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த அம்மாள் அவருடைய காலைத் தரையில் வைக்கச் சொல்லிவிட்டாள். "பாதித் துணி நீ தைத்தது, நீயே வைத்துக்கொள்" என்று கூண்டை என்னிடம் கொடுத்தார். கப்பல், ரயில் எல்லாம் தாண்டி, அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கி, இரண்டு மாட்டுவண்டியில் துணியையும் கூடையையும் ஏற்றிக்கொண்டு பெரியகுளம், தேனி, சின்னமனூர் வழியாக ஊர் வந்து சேர்ந்தேன். 1895, பொங்கல் முடிந்த மறுநாள்.

வந்த அன்றே மாட்டிக்கொண்டேன். பெரியாற்றில் துரைமார் அணை கட்டிக்கொண்டிருந்த வருடம் அது. சுண்ணாம்பு வண்டிகள் ராப்பகலாகக் குமுளி ஏறிக்கொண்டிருந்தன. பேசுவதற்கு வேறு விஷயமே இல்லாமல் கிடந்த ஊருக்கு நான் வந்தேன்.

"துரைமாரு ஆத்தைத் திருப்புறாக, நம்ம மிக்கேலு ஆகாசத்துக்கே போயிட்டு வந்துருக்காரு" என்றார் உபதேசியார். "ஞாயித்துக்கெழம செபஸ்தியார் திருநா. அன்னைக்கு ஏறிக் காட்டணும். சாமிகிட்ட உத்தரவு வாங்கியாச்சு."

"அதுக்குத் தோதான எடம் வேணும், காத்து பாக்கணும்..." என்று இழுத்தேன்.

மச்சான் ஆரோக்கியசெல்வம் தூணில் சாய்ந்திருந்தார். "ஏன் மாப்ள, ரங்கூன்ல பாத்த காத்தா இங்கன அடிக்கப் போகுது? பறந்து காட்டுங்க, நாங்களும் பாக்குறோம்."

அவர் சிரித்த சிரிப்பில் ஐந்து வருடக் கடிதங்களும் இருந்தன. அந்த மனுஷன் என்னை ஒரு நாளும் நம்பவில்லை. நான் பதில் சொல்வதற்குள் மதலேனாள் முந்திக்கொண்டாள். "அவுக ஏறுவாக" என்றாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க அவசியமில்லாத அளவுக்கு அவள் என்னை நம்பினாள். எனக்கு வயிறு கடுக்க ஆரம்பித்தது. இந்தத் தடவை நிஜமாகவே.

என் திட்டம் கேவலமானது, ஆனாலும் திட்டம்தான். நான்கு கமலை வடங்களைக் கூடையில் கட்டுவது. கிணற்றில் தோல்பறியை இழுக்கிற வடம், அறாது. வடத்துக்குப் பத்து ஆள் வீதம் நாற்பது பேர் பிடித்துக்கொள்வது. பனைமர உயரம் வரைக்கும் விட்டுவிட்டு உடனே இழுத்து இறக்குவது. கண்ணை மூடிக்கொண்டால் பனைமர உயரம் அரை நிமிஷம்தான் என்று என் கால்களிடம் சொல்லிப் பார்த்தேன். அவை என் பேச்சைக் கேட்டு வெகுநாளாயிற்று.

எங்கள் ஊர்ப் பழக்கம் இரண்டைப் பற்றி நான் யோசித்திருக்க வேண்டும். பிறந்து வளர்ந்த ஊர், தெரியாது என்று சொல்ல முடியாது. செபஸ்தியார் திருநாளில் நேர்ச்சைக்கு உப்பும் மிளகும் கொண்டுவந்து அவர் காலடியில் போடுவார்கள். இது ஒன்று. சுரூபம் வைத்த சப்பரம் தரையை விட்டு எழும்புகிற நொடியில் கோயில் மணி மூன்று தரம் அடிக்கும். அந்த மணிக்கு யார் கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டுக் கும்பிட வேண்டும். இது இரண்டாவது. சப்பரம் தூக்குகிறவர்களுக்குத் தோள் இருக்கிறது, ஆகையால் அதில் ஒரு ஆபத்தும் நேர்ந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கோயிலுக்குக் கிழக்கே இருந்த பொட்டலில் தீ மூட்டினேன். காய்ந்த பருத்திமாரும் ஈர வைக்கோலும். மலையிலிருந்து இளங்காற்று லேசாக இறங்கிக்கொண்டிருந்தது, வேப்பிலை அசைகிற அளவுக்கு. இரண்டு மூங்கில்களுக்கு நடுவில் தொங்கிய துணி மெல்ல மெல்ல உப்பி நிமிர்ந்தபோது ஊரே அண்ணாந்து பார்த்தது. என் வேலையில் நான் சோடையில்லை என்பதை இந்த ஒரு இடத்தில் சொல்லிக்கொள்கிறேன். ஒரு பொறி மேலே ஏறவில்லை.

பிரெஞ்சு தேசத்துச் சாமியார் வந்து கூடைமேல் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தார். அங்கேதான் காரியம் கெட்டது. மந்திரித்த பிறகு அது கூடை இல்லை, சப்பரம். தீக்குழியில் ஊதிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்க்கும்போது ஊர் வரிசையில் நின்று கூடைக்குள் உப்பும் மிளகும் போட்டுக்கொண்டிருந்தது. இலையில் மடித்தது, துணியில் முடிந்தது, படி நிறையக் கொண்டுவந்து அப்படியே கவிழ்த்தது. செபஸ்தியாருக்குப் போட்டால் கால்வலி போகும், அவர் இருக்கிற ஆகாயத்துக்கே அனுப்பினால் இன்னும் சீக்கிரம் போகும் என்று கணக்கு. யாரைத் தடுக்க?

நான் கூடைக்குள் ஏறினேன். ஒரு கால் ஏறியது. மறு கால் வழக்கம்போல் நின்றது. கூட்டத்தில் மச்சான் கைகட்டி நின்று அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வையில் அதுவும் ஏறிவிட்டது. கணுக்கால் வரை உப்பில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டு, "விடுங்க" என்றேன். நாற்பது பேரும் வடத்தைத் தளரவிட்டார்கள். நான் கண்ணை மூடியபடியே ஒரு அருள்நிறை மந்திரம் முழுக்கச் சொன்னேன். திறந்து பார்த்தால் மச்சான் அதே இடத்தில், அதே உயரத்தில் நின்றுகொண்டிருந்தார். கூடை ஒரு விரற்கடை கூட எழும்பவில்லை.

"மாப்ள, மேல காத்து பலமோ?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்பில் மதலேனாளின் முகம் செத்துப்போனதைப் பார்த்தேன். அதைப் பார்த்தும் எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன். குதித்து இறங்கினேன். "பாரம் கூடிப்போச்சு. நேர்ச்சையை எடுத்தாத்தான் ஏறும்" என்று எஞ்சினியர் குரலில் அறிவித்தேன்.

நேர்ச்சைப் பொருளைக் காலில் படாமல், மண்ணில் சிந்தாமல் எடுக்க வேண்டும், அது பெண்கள் காரியம். மதலேனாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடைக்குள் இறங்கினாள். ஒவ்வொரு முடிச்சாக எடுத்து நீட்ட, நான் சுளகில் வாங்கிச் சாக்குகளில் கொட்டினேன். வேண்டுமென்றே நிதானமாக வாங்கினேன். தீ தணிந்துகொண்டிருந்தது. இன்னும் கால்மணி நேரம் இழுத்தடித்தால் அனல் ஆறிவிடும், துணி சரிந்துவிடும், பழி உப்பின்மேல் போகும், நான் தப்பிப்பேன், அவளும் தலைகுனிய வேண்டாம். "அடியில கெடக்குறதையும் பொறுக்கு. ஒரு மொளகு கூட இருக்கக் கூடாது" என்றேன். அவள் குனிந்து ஒவ்வொரு மிளகாகப் பொறுக்கினாள். கணவன் பறக்க வேண்டும் என்று அந்தப் பாவி மகள் ஒரு மிளகு விடாமல் பொறுக்கினாள்.

என் உடம்பு இறங்கிவிட்டது, மூன்று சாக்கு உப்பு இறங்கிவிட்டது, உள்ளே இருப்பவள் குருவி கனம் என்பதை எஞ்சினியர் யோசிக்கவில்லை. ஓவர்சியர் பரீட்சையில் இப்படி ஒரு கணக்கு இரண்டு தடவையும் வந்தது. இரண்டு தடவையும் நான் விட்ட கணக்கு அதுதான்.

கூடை ஒரு தரம் குலுங்கியது. மெதுவாக, ஒரு சத்தமும் இல்லாமல் தரையை விட்டு எழும்பி, இடுப்பளவில் நின்று, தலையளவுக்கு வந்தது. மதலேனாள் கையில் கடைசி முடிச்சோடு நிமிர்ந்து பார்த்தாள். வடங்கள் விறைத்தன. நாற்பது பேர் பிடித்திருந்தார்கள், ஒன்றும் ஆகியிருக்காது. கோயில் வாசலில் நின்ற உபதேசியார் ஏசுதாசன் சப்பரம் எழும்பியதைப் பார்த்தார். மணிக்கயிற்றை இழுத்தார்.

மணி மூன்று தரம் அடித்தது. நாற்பது பேரும் வடத்தை விட்டுவிட்டுக் கைகூப்பினார்கள்.

நானும் கூப்பினேன். சுளகு என் காலில் விழுந்தது. அப்புறம்தான் கண்ணில் பட்டது: நான்கு வடமும் பாம்பு மாதிரி தரையில் நெளிந்து, நுனி தூக்கி, எட்டாத உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

அதற்கப்புறம் நான் எஞ்சினியர் இல்லை, புருஷனும் இல்லை, வெறும் ஓட்டம். கூண்டு பனையைத் தாண்டி, கோயில் கோபுரத்துச் சிலுவையைத் தாண்டி, மேற்கே உத்தமபாளையத்துப் பக்கமாக நகர்ந்தது. வரப்பில் ஓடினேன், வாய்க்காலில் விழுந்து எழுந்து ஓடினேன். பக்கத்தில் மச்சான் ஓடிவந்தார். "எந்தங்கச்சிக்கு எதாச்சும் ஆச்சு, ஒன்னய வெட்டிருவேன்லே" என்று அழுதுகொண்டே ஓடிவந்தார். வெட்டினால் நன்றாக இருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஐந்து வருடமாக நான் எழுதிய கூடையில் அவள் போய்க்கொண்டிருந்தாள், அதுவும் நான் பொறுக்கச் சொன்ன மிளகுக்காக. மேலே ஒரு சின்னச் சிவப்புச் சேலை தெரிந்தது. செபஸ்தியாரே, அவளை இறக்கிவிடும், நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். தொண்டை கிழியக் கத்தினேன். "மதலேனா! காத்து அடிக்கும், கூடையக் கெட்டியாப் புடிச்சுக்க! கண்ண மூடிக்க! மதலேனா!" கல்யாணமாகி எட்டு வருடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.

அனல் ஆறினால் கூண்டு தானே இறங்கும். அது தெரிந்தவன்தான் நான். ஐந்து வருடத்தில் கேப்டன் ஒரு தடவை கூட ஆகாயத்தில் தங்கிவிட்டதில்லை. ஆனால் அவர் கிணற்றில் இறங்கியிருக்கிறார், முள்ளில் இறங்கியிருக்கிறார், ஒரு தடவை சுடுகாட்டில் இறங்கினார். அதையெல்லாம் நினைத்துக்கொண்டே ஓடினேன்.

கூண்டு உத்தமபாளையத்து நெல்வயல்களுக்கு மேல் சுருங்கிச் சுருங்கி இறங்கி, ஒரு தோப்புக்குப் பின்னால் மறைந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அது நூர் முகம்மது என்பவருடைய களத்தில், வைக்கோல் போரின் மேல் கவிழ்ந்து கிடந்தது. பொறி ஏதும் வைக்கோலில் பற்றிவிடக் கூடாதே என்று அவர் ஆட்களோடு ஈரச் சாக்கை வைத்துக்கொண்டு போரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கயிற்றுக் கட்டிலில் மதலேனாள் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள். நூர் முகம்மதுவின் மனைவி லத்திபா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"மலக்கு எறங்குதுன்னு நெனச்சுக் கையேந்திட்டேன் அண்ணே" என்றார் லத்திபா. வானதூதரைச் சொன்னார். "பாத்தா நம்ம மாதிரிப் பொம்பள. மடியில மொளகு."

நான் அவள் காலடியில் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். இதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தேன். ஒரு சிராய்ப்பு இல்லை. கொண்டை கலையவில்லை. காலையில் வைத்த செவ்வந்திப்பூ வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. எதுவும் ஆகவில்லை என்ற சந்தோஷத்தில் அந்தப் பூவைப் பார்த்தேனே தவிர, அதிலிருந்து எதையும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால்தான் நான் எஞ்சினியர்.

அதற்குள் ஊர் வந்து களத்தை நிரப்பிவிட்டது. வடம் பிடித்த நாற்பது பேரும் முகத்தைக் காட்ட முடியாமல் பின்வரிசையில் நின்றார்கள். மச்சான் தங்கையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விம்மினார். கொஞ்சம் தெளிந்ததும் அவருக்கு அவருடைய புத்தி திரும்பியது.

"ஆத்தா, மேல எப்பிடி இருந்துச்சு? நெசத்தச் சொல்லு. இவரு எழுதுன மாதிரியா இருந்துச்சு?"

கேட்க வேண்டிய கேள்விதான். இந்தப் பள்ளத்தாக்கு முழுவதிலும் அதற்குப் பதில் தெரிந்தவள் இப்போது அவள் ஒருத்திதான்.

மதலேனாள் மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். அண்ணனைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக் குரலில் சொன்னாள். "மேலே போகப் போகக் காத்து காதப் பிய்ச்சுக்கிட்டுப் போகுதுண்ணே. கண்ணத் தொறக்க முடியல. பூமியோட சத்தம் ஒண்ணும் அங்கன எட்டாது. அவுக எழுதுனது அப்பிடியே இருக்கு, ஒரு எழுத்து மாறாம."

மச்சான் என் பக்கம் திரும்பினார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க மாப்ள" என்றார். என் வாழ்நாளில் அவர் எனக்குச் செய்த ஒரே மரியாதை அது. அதை வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. வேண்டுதல் நினைவிருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று செபஸ்தியாரிடம் சொன்னது. வாயைத் திறந்தேன். மதலேனாள் என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

நூர் முகம்மது தன் வண்டியைக் கொடுத்தார். துணியைச் சுருட்டி ஏற்றி, அதன்மேல் அவளை உட்காரவைத்து நானே ஓட்டினேன். ஊர் மேளத்தோடு முன்னால் நடந்தது. மேளச் சத்தத்தில் பின்னால் வருகிற வண்டியில் என்ன பேசினாலும் யாருக்கும் கேட்காது. கால் மைல் போனதும் அவள் என் பக்கம் குனிந்தாள்.

"அங்கன காத்தே இல்லையே" என்றாள்.

மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல தழை எல்லாம் கீழதான் அசையுது. மேல போனா, நாமளும் அந்தக் காத்து கூடவே போறோம்ல, அப்புறம் எங்கிட்டுருந்து அடிக்கும்? வெளக்கு ஏத்தி வச்சாக்கூட அணையாது." எந்தப் பரீட்சையும் எழுதாதவள், ஐந்து வருடம் கூண்டுக்குக் கீழே நின்றும் எனக்கு எட்டாததை ஒரே ஏற்றத்தில் கண்டுபிடித்திருந்தாள். "சத்தமும் எல்லாமே கேக்குது. உத்தமபாளையத்துல நாய் கொலைக்குறது, யாரோ ஒரல்ல குத்துறது, புள்ள அழுகுறது, எல்லாம் காதுகிட்டயே கேக்குது. நீங்க ஓடியாந்தது தெரிஞ்சுச்சு. காத்து அடிக்கும், கெட்டியாப் புடிச்சுக்கன்னு கத்துனீக. அது நல்லாக் கேட்டுச்சு."

வண்டிச் சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது.

"அப்பத்தான் தெரிஞ்சுச்சு" என்றாள்.

எனக்குக் காது சுட்டது. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாடுகள் நின்றுவிட்டன. மேளம் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஒரு தடவ கூடப் போகலையா?"

"இல்ல" என்றேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டிய சொல். "பயம். ஒரு கால் ஏறும், மறு கால் ஏறாது."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் மடியிலிருந்த கடைசி முடிச்சை அவிழ்த்து, ஒரு மிளகை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். திரும்பி மலைப்பக்கம், காலையில் அவள் கடந்துவந்த அந்த வெறும் வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. என்மேல் இரக்கப்பட்ட மாதிரிதான் இருந்தது.

"போயிருக்கலாம்ல. நல்லாத்தான் இருக்கு" என்றாள்.